பாவ அறிக்கையும் சபையின் மன்னிப்பும்

ஆதி மனிதன் செய்த முதற் குற்றம் விலக்கப்பட்ட கனியைப் புசித்தது. இரண்டாவது, மரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டது. மூன்றாவது, தன் பழியை மனைவியின் மேல் ஏற்றியது. வேதத்தின் முதற் புத்தகத்திலேயே இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் வருதலை நோக்குங்கால், பாவத்தினும் அதை மறைத்தலே மனிதனை அதிக தூரம் கொண்டுபோய்விடுகிறது என்று எண்ண இடமுண்டு. மாணவர் கூடிப் பேசும்போது ஒரு வினா அடிக்கடி எழும்: “தேவனுக்கு விரோதமாய்ச் செய்த குற்றத்தைத் தேவனிடத்தில் தனித்துச் சொன்னாற் போதாதோ? சக மனிதன் காதில் ஏன் போடவேண்டும்?” இவ்வினா எளிதன்று, நேர்மையான வினாவுமாம். யாக்கோபு அப்போஸ்தலனோ தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், விசுவாசிகள் தங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடவும், ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கவும் வேண்டுமென்று தெளிவாகவே கட்டளையிட்டிருக்கிறார். அக்கட்டளை சபைச் சரித்திரத்தில் எவ்வாறு கைக்கொள்ளப்பட்டது, எங்கே திரிந்தது, எங்கே மீண்டும் உயிர்பெற்றது என்பதைச் சிறிது ஆராயலாம் என்று இதை எழுதத் துணிந்தோம்.

முதலாவது சொல்லைக் கவனிப்போம். கிரேக்கில் அறிக்கையிடுதலைக் குறிக்கும் சொல்லுக்கு ‘அதையே சொல்லுதல்’, அதாவது ஒத்துச் சொல்லுதல் என்பது மூலப்பொருள். தேவன் என் செயலைக் குறித்து என்ன சொல்லுகிறாரோ அதையே நானும் சொல்லுகிறேன் என்பது கருத்து. எபிரெயத்தில் பாவத்தை அறிக்கையிடுதலும் தேவனைத் துதித்தலும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். அகுஸ்தீன் 397-ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய தம் பெருநூலுக்கு இட்ட இலத்தீன் பெயரிலும் இவ்விரு பொருளும் அடங்கியுள்ளன. நம் தமிழ்க் கத்தோலிக்க சகோதரர் வழங்கும் ‘பாவசங்கீர்த்தனம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். சங்கீர்த்தனம் என்பது புகழ்ந்து பாடுதலையும் குறிக்கும் வடசொல். அச்சொல்லை அமைத்தவர் எபிரெயத்தை எண்ணி அமைத்தாரோ அன்றோ, பொருத்தம் வியக்கத்தக்கது. இச்சொல்லின் பொருளான முறையைக் கற்பிக்கும் தமிழ் நூலொன்று 1580-ஆம் ஆண்டிலேயே கொச்சியில் அச்சேறியது. அதை வெளியிட்டவர் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே உழைத்த அண்டிரிக் அடிகளார். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவரும் அவரே. தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களுள் ஒன்று மனிதன் தன் குற்றத்தை எப்படி வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பதைப்பற்றியது என்பதை நம் மாணவருள் அறிந்தவர் சிலரே.

அறிக்கை வெறும் வாய்ச்சொல் அன்று என்பதற்கு மோசேயின் நியாயப்பிரமாணமே சான்று. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தின்படி, பிறனுக்கு அநியாயஞ் செய்தவன் தன் பாவத்தை அறிக்கையிட்டு, அபகரித்த முதலைத் திரும்பக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கவேண்டும். பத்து ரூபாய் எடுத்தவன் பன்னிரண்டு ரூபாய் கொடுக்கவேண்டும் என்பது கணக்கு. சகேயு இதையும் கடந்து நாலத்தனையாய்க் கொடுக்க முன்வந்தான். இன்று நம்மிடையே அறிக்கை மலிந்து, அந்த ஐந்தில் ஒரு பங்கு அருகிவிட்டது என்று தோன்றுகிறது.

இனி, சபை முழுவதையும் இவ்விஷயம் கலக்கிய ஒரு காலத்திற்கு வருவோம். 249-இல் ரோமச் சக்கரவர்த்தியான தேசியு, ராஜ்யத்திலுள்ளார் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிடவேண்டுமென்று கட்டளை பிறப்பித்தான். பலியிட்டவருக்கு அதற்கென நியமிக்கப்பட்டோர் முன்னிலையில் ஒரு சான்றுச் சீட்டு வழங்கப்பட்டது. எகிப்து தேசத்து மணலில் புதைந்துகிடந்த இத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. அவை 250-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இன்ன ஊரான் இன்னான் எக்காலத்தும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன் என்றும், இப்பொழுதும் கட்டளைப்படி பானபலி வார்த்துப் பலியிட்டுப் புசித்தான் என்றும் அவற்றில் வரையப்பட்டிருக்கிறது. ஓர் உத்தியோகசாலை விண்ணப்பம்போல் வறண்ட வாசகம்! அதன் பின்னே எத்தனை இரவுகளின் நித்திரையின்மை இருந்திருக்கும்!

ஆப்பிரிக்காவின் வடகரையிலுள்ள கார்த்தாகோ பட்டணத்தில் நடந்ததை அதன் அத்தியட்சராகிய சிப்பிரியான் எழுதிவைத்திருக்கிறார். பிடிபடுமுன்னரே விசுவாசிகள் பலர் தாமாகவே சந்தைவெளிக்கு ஓடினர். பொழுது சாய்ந்தமையால் அதிகாரிகள் சிலரை மறுநாள் வரச்சொல்ல, அவர்கள் அன்றைக்கே முடித்துவிடும்படி மன்றாடினர். பெற்றோர் கைக்குழந்தைகளையும் எடுத்துச் சென்றனர். வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டை மாத்திரம் பெற்றுக்கொண்டனர். சிறைசென்று வேதனையுற்றும் மறுதலியாதோரும் இருந்தனர். இவர்களுக்கு ‘அறிக்கையாளர்’ என்று பெயர். கிறிஸ்துவை அறிக்கையிட்டவருக்கும் பாவத்தை அறிக்கையிடுபவருக்கும் ஒரே சொல் வழங்கியது கருதத்தக்கது.

சிப்பிரியானோ அக்காலத்தில் மறைவிடஞ் சென்று அங்கிருந்து நிருபங்களால் சபையை நடத்தினார். இதனால் அவர் ஏளனத்துக்கு உள்ளானார். ஓடியவர் வீழ்ந்தவருக்குத் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்டவர்களை நாம் முற்றிலும் குறைகூறுதற்கில்லை.

உபத்திரவம் தணிந்தவுடன் வீழ்ந்தோர் திரும்பி வரலாயினர். இங்கேதான் சிக்கல். ஒருபுறம், சிறைப்பட்ட அறிக்கையாளர் சிலர் இவர்களுக்குச் சமாதானச் சீட்டுகளைத் தாராளமாய் வழங்கினர். சில சீட்டுகளில் பெயரும் தொகையுமின்றி, இன்னாரும் அவரைச் சேர்ந்தோரும் ஏற்றுக்கொள்ளப்படுவாராக என்ற அளவே இருந்தது. அரசன் சீட்டால் வீழ்ந்தவன் அறிக்கையாளன் சீட்டால் எழுந்துவிடலாம். நடுவே ஒரு கண்ணீர்த்துளியும் வேண்டாம். மறுபுறம், ரோமாபுரியில் நொவாத்தியான் என்னும் கல்விமானாகிய மூப்பர், வீழ்ந்தவரைச் சபை ஒருநாளும் சேர்த்துக்கொள்ளலாகாது, அவர்களைத் தேவனுடைய நியாயத்துக்கே விடவேண்டும் என்று சாதித்து, 251-இல் கொர்நேலியு அத்தியட்சருக்கு எதிராகத் தனிச்சபை கண்டார். அவர் உபதேசத்தில் வேறு குற்றம் காண்பதரிது, ஒழுக்கமும் அப்பழுக்கற்றது. ஆகவேதான் அவர் பக்கம் சென்றவர் அநேகர்.

251-இல் கார்த்தாகோவில் கூடிய அத்தியட்சர் சங்கம் இவ்விரு வழிகளையும் தள்ளியது. ஒவ்வொருவர் காரியத்தையும் தனித்தனியே விசாரிக்கவேண்டும் என்று தீர்த்தது. சீட்டு மாத்திரம் வாங்கினவர், உண்மையாய் மனங்கசந்திருப்பின், ஏற்றுக்கொள்ளப்படலாம். பலியிட்டவர் நீண்டகாலம் மனஸ்தாபக் கிரியைகளில் நிலைத்திருக்கவேண்டும், மரணத்தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் மறுக்கப்படலாகாது. இவ்விசாரணையைப்பற்றிச் சிப்பிரியான் எழுதிய நிருபமொன்று இக்காலத்து நீதிபதிகளும் வாசிக்கத்தக்கது. அழைக்குமுன் ஓடிப் பலியிட்டவனும், நெடுநேரம் போராடிக் கடைசியில் தளர்ந்தவனும் ஒருதரத்தாரா? தன் மனைவி மக்களையும் இழுத்துச் சென்றவனும், தான் ஒருவனே சென்று அவ்வாபத்தைத் தன்மேல் ஏற்றுத் தன் வீட்டார் அனைவரையும் காத்தவனும் ஒருதரத்தாரா? குற்றத்தின் பெயர் ஒன்றாயிருப்பினும் குற்றவாளிகள் ஒருவரல்லர் என்பதை அவர் உணர்ந்தார். நொவாத்தியானுக்கு அவர் சொன்ன மறுமொழியும் கூரியது. மனந்திரும்பு என்று புத்திசொல்லிவிட்டு மனந்திரும்புதலின் பலனை மறுப்பது, உழவனை உழு, விதை, களையெடு, ஆனால் அறுக்கமாட்டாய் என்பதுபோலாம். எவன் உழுவான்? மன்னிப்புக்கு இடமில்லாத சபையில் அறிக்கையும் இராது. அங்கே ஒளித்தலே நிலைக்கும்.

இன்னொன்று அவர் நூலில் நம்மை நிறுத்துகிறது. பலியிடாமலும் சீட்டு வாங்காமலும், அப்படிச் செய்யலாமோவென்று உள்ளத்தில் எண்ணினதற்காகவே துக்கத்தோடு வந்து போதகரிடத்தில் சொன்னவர்களும் இருந்தனராம். யாரும் கண்டுபிடிக்கக்கூடாத குற்றம்; சொன்னாலன்றித் தெரியாது. சந்தைவெளிக்கு ஓடினவரோ சமாதானச் சீட்டைக் காட்டி வாதாடினர். புண் சிறியவன் வைத்தியனை நாட, பெரிய புண்ணுடையவன் தனக்கு நோயில்லையென்பது எக்காலத்துக்கும் உரியதுபோலும்.

பின்னும் உபத்திரவம் வரும் அறிகுறி தோன்றியபோது, அடுத்த சங்கம் காலவரையைக் குறைத்து, மனஸ்தாபத்தில் நிலைத்திருந்த அனைவரையும் சேர்த்துக்கொண்டது. போருக்குச் செல்வோரை ஆயுதமின்றி அனுப்பலாகாது. திருவிருந்தே அவர்களுக்கு ஆயுதம் என்று காரணம் கூறினர். ஒருமுறை ஓடி ஒளித்த சிப்பிரியானும் 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் சிரச்சேதம் பெற்று இரத்தசாட்சியானார்.

அக்காலத்தில் மனஸ்தாபப்படுவோர் இரட்டுடுத்துச் சாம்பலில் இருந்து, மூப்பர் முன் விழுந்து, சகோதரர் ஜெபத்தை மன்றாடுவர். தெர்த்துல்லியான் இம்முறையை விவரித்துவிட்டு, வெட்கத்தால் இதற்குப் பின்வாங்குவோர், மறைவான உறுப்பில் நோய்கொண்டு வைத்தியனுக்குக் காட்ட நாணி, நாணத்தோடே மடிவாரை ஒப்பர் என்கிறார். மேலும், சபை ஒரே சரீரமாதலால் ஓர் உறுப்பின் நோவில் மற்றோர் உறுப்பு களிகூராது. ஆதலால் சகோதரர் முன்னே நாணவேண்டியதென்ன என்று கேட்கிறார். அருமையான வாதமே. ஆனால் நம் சபைகளில் ஓர் உறுப்பின் நோவு மற்றோர் உறுப்புக்குத் திண்ணைப் பேச்சாய் விடுகிறதே! அவ்வச்சம் உள்ளவரையில் எவரும் வாய் திறவாமைக்கு அவரை மாத்திரம் நோதல் முறையன்று.

வெளியரங்கமான இக்கடினமுறை நாளடைவில் குன்றியது. அயர்லாந்துத் துறவிகள் தனித்தனியே கேட்கும் முறையைப் பரப்பினர். 1215-இல் நாலாம் லாத்தரான் சங்கம் ஆண்டுக்கொருமுறையேனும் அறிக்கையிடுதலைக் கட்டாயமாக்கியது. லூத்தர் கட்டாயத்தை எதிர்த்தாரேயன்றி அறிக்கையை எதிர்த்தாரல்லர். 1530-ஆம் ஆண்டு அவுக்ஸ்புர்க்கு விசுவாச அறிக்கையின் 11-ஆம் பிரிவு தனித்த பாவவிமோசனத்தைச் சபைகளில் காத்துக்கொள்ளவேண்டுமென்கிறது. 1738-இல் ஜான் வெஸ்லி சிறு குழுக்களுக்கு விதி வகுத்தபோது யாக்கோபின் கட்டளையையே ஆதாரமாய்க் கொண்டார். குழுவில் சேர விரும்புவோனிடம், உன் குற்றங்களைப் பிறர் உன் முகத்துக்கு முன்னே சொல்ல நீ விரும்புகிறாயா என்று முதலிலேயே கேட்டுவிடுவர். அக்கேள்வியை இன்று நம் கல்லூரி விடுதியில் அறைத்துணை தேடுவோரிடம் கேட்பின் எத்தனை அறைகள் நிரம்பும் என்று அறியோம்!

புரட்டஸ்தாந்து சபைகள் பெரும்பாலும் ஞாயிறுதோறும் யாவரும் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கையோடு அமைந்துவிட்டன. பொது அறிக்கை நல்லதே. ஆனால் அதில் எல்லாரும் பாவி என்பதால் எவரும் பாவியல்லாமற்போகும் அபாயமுண்டு. இதை ஆழ்ந்து கண்டவர் ஜெர்மனி தேசத்து தீத்ரிக் போன்ஹோபர். ஹிட்லர் ஆட்சிக்கு இணங்க மறுத்த சபையார் 1935-இல் நடத்தத் தொடங்கிய போதகர் பயிற்சிப்பள்ளிக்கு அவர் தலைவரானார். பள்ளி முதலில் சிங்ஸ்த் என்னும் கடற்கரையூரிலும், பின்பு பின்கன்வால்தே என்னும் ஊரிலும் நடந்தது. அங்கே அவர் இட்ட ஒரு விதி சிறியது, ஆயினும் கைக்கொள்ளுதற்கரியது: இல்லாத சகோதரனைப்பற்றி எவனும் பேசலாகாது; தவறிப் பேசினால் அவனிடமே சென்று அதைச் சொல்லிவிடவேண்டும். பிரசங்க வகுப்புகளினால் கற்றதற்கு ஏறக்குறைய இணையாக இவ்விதியினாலும் கற்றதாகப் பிற்காலத்தில் நினைவுகூரப்பட்டது.

திருவிருந்துக்கு முன் ஒருவரிடம் ஒருவர் அறிக்கையிடலாம் என்று அவர் யோசனை கூறியபோது மாணவர் திகைத்தனர். ‘இது ரோமச் சபையின் வழக்கமன்றோ?’ என்பதே அவர்கள் எண்ணம். அவர் வற்புறுத்தவில்லை. ஒருநாள், இவ்விஷயத்தில் யாதொரு பழக்கமுமில்லாத மாணவரொருவரை அழைத்து, தம் அறிக்கையைக் கேட்கும்படி தாமே வேண்டிக்கொண்டார். ஆசிரியர் மாணவன் முன்னே! இச்செயலை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒழுக்கம் போதிக்கும் ஆசனத்திலிருந்து அறிக்கையைக் கோருதல் எளிது. அவ்வாசனத்திலிருந்து இறங்கி முதல்வராய் அதைச் செய்தல் வேறு. பின்னர் மாணவரும் தாமாகவே முன்வரலாயினர். 1937-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் இரகசியப் பொலிசார் பள்ளியை மூடிவிட்டனர். மறு ஆண்டில் அவர் அவ்வாழ்வைப்பற்றி எழுதி 1939-இல் வெளிவந்த சிறுநூலின் கடைசி அதிகாரம் அறிக்கையையும் திருவிருந்தையும் பற்றியது. 1945-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள் பிளோசன்புர்க்கு சிறைமுகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

நம் மாணவர் வினாவுக்கு அந்நூலிலே விடை காணலாம். அதன் கருத்தை எம் நடையில் கூறுவோம். பாவம் மனிதனைத் தனிமைப்படுத்துகிறது. தனிமையே அதற்கு உணவு. தேவனிடம் மாத்திரம் அறிக்கையிடுவதாக நாம் எண்ணும்போது பலவேளை நம்மிடமே அறிக்கையிட்டு, நாமே நம்மை மன்னித்துக்கொள்ளுகிறோம். பரிசுத்த தேவன்முன் சொல்லக் கூசாத நமக்குப் பாவியாகிய சகோதரன்முன் சொல்லக் கூசுமாயின், நாம் உண்மையாகவே தேவனிடத்தில்தான் சொன்னோமா என்று ஐயுற வேண்டும். எதிரே ஒருவன் இருந்து கேட்டு, கிறிஸ்துவின் நாமத்தினாலே உனக்கு மன்னிப்புண்டு என்று சொல்லும்போது, அச்சொல் நாம் புனைந்ததன்று என்ற நிச்சயம் உண்டாகிறது. சிலுவையின் நிழலில் வாழ்வோன் பிறன் குற்றத்தைக் கேட்டு அருவருக்கமாட்டான். தன் இருதயத்தை அவன் அறிவான். ஆகவே கேட்பதற்குத் தகுதி வயதன்று, பட்டமன்று, குருத்துவமுமன்று என்பது அவர் துணிபு.

எனினும் இங்கே சில எச்சரிக்கைகள் கூறாது விடல் தகாது. அறிக்கை ஒருவன் மனமுவந்து தருவது, பிடுங்குவதன்று. கூட்டத்தில் அழுத்தி வாங்கப்படும் அறிக்கை அறிக்கையன்று, அவமானமே. தன் பழம் பாவங்களைச் சாட்சியென்று மேடையேறி விரித்துரைத்து வியப்பூட்டுவோரும் உளர். அது மறுவேடம் பூண்ட தற்புகழ்ச்சி. இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. எளியவர்க்கும் சிறுபிள்ளைகட்கும் தீங்கிழைத்தவன் இரகசியமாய் அழுது மன்னிப்புப் பெற்றுவிட்டான், இனி அதைப் பேசலாகாது என்று மூத்தோர் மூடிவைப்பது. அண்மைக்காலத்தில் பல தேசங்களின் சபைகளில் இவ்வாறு மூடிவைத்தவை வெளிப்பட்டு, சபைக்கே தீராப் பழியாயின. மன்னிப்பு தண்டனைச் சட்டத்துக்குத் தப்பும் வழியன்று. ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொன்ன நியாயப்பிரமாணம், தீங்குற்றவனை மறந்துவிட்டுத் தீங்கு செய்தவனைமாத்திரம் தேற்றச் சொல்லவில்லை. தீங்குற்றவனை ‘நீ மன்னித்துவிடு’ என்று அவசரப்படுத்துவதும் இரண்டாந்தரம் அவனை அடிப்பதாகும்.

தனி மனிதர் மாத்திரமன்றிச் சபைகளும் அறிக்கையிடலாமோ? 1945-ஆம் ஆண்டு அக்டோபரில், உலகப்போர் முடிந்த சில மாதங்களுக்குள், ஜெர்மனி தேசத்துச் சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டு நகரில் கூடி, அயல்தேச சபைப் பிரதிநிதிகள் முன்னிலையில் குற்ற அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். நீமோலர் அவர்களுள் ஒருவர். அவர்கள் நாட்டிலேயே அதற்குப் பெருங்கண்டனம் எழுந்தது. ஆகவே அதற்குத் துணிவு வேண்டியிருந்தது. ஆயினும், இன்னும் அதிக தைரியமாய் நில்லாமற்போனோம், இன்னும் அதிக அன்பு கூராமற்போனோம் என்னும் பாங்கில் அது அமைந்தது. கொலையுண்ட யூதரைப் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. பெயரை விட்டுவிட்ட அறிக்கை பாதி அறிக்கை என்பது எம் துணிபு.

இதனோடு 1990-ஆம் ஆண்டு நவம்பரில் தென் ஆப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க்கில் நடந்ததை ஒப்பிடலாம். நிறவெறிக்கு வேதத்தை ஆதாரமாக்கிய டச்சு சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தம் சார்பிலும் தம் சபையின் சார்பிலும் அக்குற்றத்தை அறிக்கையிட்டார். அதைக் கேட்ட பேராயர் தெஸ்மந்து தூத்து, முன்னேற்பாடின்றி எழுந்து, நாங்கள் மன்னிக்கிறோம் என்று ஏற்றுக்கொண்டார். அவர் அவ்வளவு விரைந்து மன்னித்ததை அவரைச் சேர்ந்தவர் யாவரும் விரும்பினாரல்லர். அறிக்கையைத் தொடர்ந்து செயல் என்ன, பறிபோன நிலத்துக்கு விடை என்ன என்று கேட்டனர். கேட்டது நியாயமே, மன்னித்ததும் நியாயமே. இவ்விரண்டையும் ஒரே மன்றத்தில் தாங்கும் திறமே சபைக்கு வேண்டுவது.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஒருவனைப்பற்றிச் சில வசனங்கள் வருகின்றன. முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் விலக்கப்பட்டவனே இவன் என்று பழைய உரைகாரர் பலர் கொண்டனர். இக்காலத்தார் பலர் அப்போஸ்தலனைத் துக்கப்படுத்திய வேறொருவன் என்பர். யாவனாயினும், சபையாரில் அநேகர் சேர்ந்து அவனைக் கண்டித்திருந்தனர். அதன்பின் நேர்ந்ததே நம் கவனத்துக்குரியது. அவன் துக்கப்பட்டான், சபையோ கண்டிப்பதிலே நின்றுவிட்டது. அவர்களுக்குப் பவுல், கண்டித்தது போதும், இனி அவனை மன்னித்துத் தேற்றுங்கள், இல்லாவிடில் அவன் மிகுந்த துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்று எழுதுகிறார். துக்கத்தில் அமிழ்தல் என்னும் அபாயத்தை அவர் பாவத்துக்கு அடுத்தபடியாகவே எண்ணினார்போலும். அது சாத்தானின் தந்திரத்துக்கு இடங்கொடுப்பதாகும் என்று உடனே சேர்த்துக் கூறுகிறார். அன்பை அவனுக்கு உறுதிப்படுத்துங்கள் என்று அவர் சொல்லும் இடத்தில் வழங்கிய கிரேக்கச் சொல், உடன்படிக்கையைச் செல்லுபடியாக்குதற்கு வழங்கும் சட்டச்சொல். விலக்கியது சபை கூடிச் செய்த தீர்மானமாயின், சேர்த்துக்கொள்வதும் அப்படியே யாவரும் அறியச் செய்யப்படவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.